ஏட்டய்யா வாபஸ் வாங்கிய கேஸ்

பல்லடத்துப் பக்கம் தறி ஓடும் ஊர்களில் அது ஒன்று. பேரைச் சொன்னால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். ஊருக்கு மேற்கே ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. கரட்டின் அடிவாரத்தில் ஓடு வேய்ந்த சின்ன மடம். மடத்தில் தேவாத்தாள் என்கிற சாமியம்மா இருந்தார்.

அவருக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்காது. திருநீறு கொடுப்பதில்லை, குறி சொல்வதில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார், சில சமயம் அதுவும் சொல்ல மாட்டார். ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அவருடைய சீடர்களில் மூத்தவர் சென்னியப்பன். மூத்தவர் என்றால் வயதில் மட்டும். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பிடிக்காமல் மடத்துக்கு வந்து சேர்ந்தார். தன்னைவிட இருபது வயது சின்னவரின் எதிரில் கைகட்டி உட்காருவது முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. ஊரே அவரை ஏட்டய்யா என்றது. சாமியம்மாவும் அப்படியே கூப்பிட்டார்.

வந்த அன்றைக்கே ஏட்டய்யா தன் கேள்வியை எடுத்து வைத்தார்.

"சாமியம்மா, சர்வீஸ் முச்சூடும் பசங்களைப் புடிச்சேனுங்க. மீசை மொளைக்காத பசங்க. ஒருத்தனைப் புடிச்சு உள்ள தள்ளிட்டுத் திரும்புனா வெளிய ரெண்டு பேரு நிக்கறான். எங்க நின்னு புடிச்சா இது நிக்குமுங்க?"

"ரோசனை பண்ணிச் சொல்றேனுங்க ஏட்டய்யா" என்றார் சாமியம்மா.

மாதங்கள் போயின. சாமியம்மா யோசித்துக்கொண்டே இருந்தார். ஏட்டய்யா வாசல் கூட்டினார், தண்ணீர் இறைத்தார், பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். குரு சொல்கிற வழியாக இல்லை என்றதும் தானே ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிட்டார்.

அதற்குத் தோதாக ஊரிலும் திருட்டு கூடிக்கொண்டிருந்தது. தறிக் கொட்டகைகளில் இரவோடு இரவாக மோட்டாரைக் கழற்றி உள்ளே இருக்கும் செப்புக் கம்பியை உருவிக்கொண்டு போனார்கள். யார் என்று பார்த்தால் எல்லாம் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள். அதிகமாக நஷ்டப்பட்டவர் தறி முதலாளி திருமலைசாமி.

ஏட்டய்யா திருமலைசாமியைப் போய்ப் பார்த்தார். பிறகு தான் வேலை பார்த்த ஸ்டேஷனுக்குப் போனார். திரும்பி வரும்போது நடையிலேயே பழைய மிடுக்கு தெரிந்தது. நேராகச் சாமியம்மாவிடம் வந்தார். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எங் கேள்விக்கு நானே பதில் கண்டுபுடிச்சுப் போட்டேனுங்க."

"சொல்லுங்க."

"ஊருக்குன்னு ஒரு போலீஸ் அவுட்போஸ்ட். கட்டடம் குடுத்தா ஆளு போடறோம்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டாங்க. நானும் கூட உக்காந்துக்குவேன். ஒருத்தன் அசைய முடியாதுங்க."

"கட்டடம் எங்கீங்க?"

ஏட்டய்யா கீரைக்கட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நம்ம குடோன்தானுங்க."

நம்ம குடோன் என்று அவர் சொன்னது மடத்தை ஒட்டி நின்ற திருமலைசாமியின் பழைய நூல் குடோனை. சும்மா கிடந்ததைச் சாமியம்மா கேட்டு வாங்கி, தறிக்கு வேலைக்குப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகள் தறிக்கு அடியில் பஞ்சுத் தூசியில் கிடந்தார்கள். சில பேரை அம்மாக்காரிகள் வீட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டுப் போனார்கள். வேறு என்ன செய்வார்கள்? இப்போது காலையில் குடோனில் விட்டுவிட்டுப் போய், சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.

"அப்பப் புள்ளைங்க?" என்றார் சாமியம்மா.

"வேற எடம் பாத்துக்கலாமுங்க."

"எங்கீங்க?"

ஏட்டய்யா பேச்சைத் திருப்பினார். "மாரியம்மன் நோம்பி முடிஞ்சு ஊர்க்கூட்டத்துல வெச்சுச் சாவி குடுக்கறேன்னு மொதலாளி சொல்லிப்போட்டாருங்க. நான் ஒரு வார்த்தை ஆமான்னு சொன்னாப் போதுமாமுங்க."

சாமியம்மா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். அவர் அடுத்த கட்டை எடுத்து ஆய ஆரம்பித்தார்.

"புள்ளைங்களைப் பாத்துக்கற வசந்தாமணிக்கு மாசம் ஆயிருச்சு. பிரசவத்துக்குப் பொறந்த ஊட்டுக்குப் போறா. நோம்பி வரைக்கும் புள்ளைங்களை நீங்க பாத்துக்கோங்க."

"நானுங்களா?"

"நீங்கதானுங்க அவங்களை வெளிய தாட்டி அனுப்பப் போறீங்க. யாரைத் தாட்டறோம்னு பாத்துட்டுத் தாட்டுங்க."

மறுநாள் காலையில் ஏட்டய்யா குடோனுக்குள் கால் வைத்தார். தொப்பி ஒன்றுதான் இல்லை. மற்றபடி ஸ்டேஷனுக்குள் நுழைகிற மாதிரிதான் நுழைந்தார்.

முதல் வேலையாகப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தார். கடைசிப் பிள்ளை நிற்பதற்குள் முதல் பிள்ளை உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது பிள்ளை வரிசையை விட்டுப் போய் ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று வயது யாழிசை பக்கத்திலிருந்த பையனைக் கடித்தாள். ஏட்டய்யா கடித்தவளிடமும் கடிபட்டவனிடமும் தனித்தனியாக வாக்குமூலம் வாங்கினார். யாழிசை தன் வாக்குமூலமாக அவர் கையைக் கடித்துக் காட்டினாள். சமையல்கட்டில் சத்துமாவு கிண்டிக்கொண்டிருந்த சாமியம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இரண்டு நாளில் வரிசை போயிற்று. வாக்குமூலமும் போயிற்று. ஏட்டய்யா தரையில் உட்காரக் கற்றுக்கொண்டார். நூல் தீர்ந்த காலிக் கோன்களை அடுக்கிக் கோபுரம் கட்டினார்கள், அவரும் கட்டினார். இடித்தார்கள், அவரும் இடித்தார். மணலில் வீடு கட்டும்போது உள்ளே யார் யார் இருப்பது என்று கேட்டார்கள். "எல்லாரும் இருங்க கண்ணு" என்றார். சொந்தத் தாத்தாவைக் கூப்பிடுகிற மாதிரி அப்பிச்சி, அப்பிச்சி என்று மேலே விழுந்து புரண்டார்கள். தன் மகன் இந்த வயதில் இருந்தபோது அவர் எங்கோ பந்தோபஸ்துக்கு நின்றுகொண்டிருந்தார்.

பிள்ளைகளில் தருண் அவரை ஒட்டிக்கொண்டே திரிந்தான். நாலு வயது. அம்மா மயிலாத்தாள் திருமலைசாமி தறியில் வேலை செய்கிறவள். அப்பன் குடித்துவிட்டு எங்கேயோ போய்விட்டான். ஏட்டய்யாவின் மடியில்தான் தருண் சாப்பிடுவான். சாப்பாட்டு நேரத்துக்கு அவர் ஊதும் விசிலை மட்டும் கண் கொட்டாமல் பார்ப்பான். அது சர்வீஸ் காலத்து விசில், பித்தளை. ஏட்டய்யா அதைத் தினமும் துடைத்து வைப்பார்.

ஒரு நாள் காலையில் விசிலைக் காணோம்.

இத்தனை நாள் தரையில் உட்கார்ந்திருந்த மனிதர் சட்டென்று எழுந்தார். முகம் மாறிவிட்டது. "எல்லாரும் நில்லு" என்றார். பிள்ளைகள் நின்றார்கள். இந்தத் தடவை ஒருவரும் உட்காரவில்லை.

ஒவ்வொரு டவுசர் பையாகத் துழாவினார். முதலில் கை போனது பப்லுவின் பைக்குத்தான். ஒடிசாவிலிருந்து தறி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளை. ஏன் அவனிடம் முதலில் என்று கேட்டால் ஏட்டய்யாவால் சொல்லியிருக்க முடியாது. கை தானாகப் போயிற்று. அவன் பையில் பாதி தின்ற பொரி உருண்டை இருந்தது.

எந்தப் பையிலும் விசில் இல்லை. ஏட்டய்யா குரலை இறக்கினார். அது அவருக்குக் கை வந்த குரல். அந்தக் குரலில் எத்தனையோ கேஸை முடித்திருக்கிறார்.

"யாரு எடுத்ததுன்னு சொல்லிரு கண்ணு. அப்பிச்சி ஒன்னும் பண்ண மாட்டேன்."

தருண் முன்னால் வந்தான். சிரித்துக்கொண்டேதான் வந்தான். "நாந்தான் அப்பிச்சி. ஊட்டுல இருக்குது. நான் கட்டிப் புடிச்சுட்டுத் தூங்கினேன்."

ஏட்டய்யா அவன் காதைத் திருகினார். எல்லாருக்கும் முன்னால் மூலையில் கொண்டுபோய்ச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார். "திருட்டுப் பய" என்றார். கேஸ் முடிந்தது. அவருக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

தருண் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மதியம் அவர் மடிக்கு வரவில்லை. தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்த் தூரத்தில் உட்கார்ந்தான்.

மறுநாள் மயிலாத்தாள் விசிலைக் கொண்டுவந்து கொடுத்து மன்னிப்புக் கேட்டாள். ஏட்டய்யா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

பிள்ளைகள் புது விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாழிசை கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏட்டய்யாவாக நின்றாள். மற்றவர்கள் பொருள்களை ஒளித்து வைத்துக்கொண்டார்கள். "சொல்லிரு கண்ணு, ஒன்னும் பண்ண மாட்டேன்" என்றாள் யாழிசை. எல்லாரும் ஒரே குரலில் "நானில்லை" என்று கத்திவிட்டுச் சிரித்தார்கள். அவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கைகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் போயின.

அன்று ஒரு தட்டு காணாமல் போயிற்று. சாயப் பென்சில்கள் காணாமல் போயின. ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது. யாரைக் கேட்டாலும் "நானில்லை." நேற்று வரை தும்மினால்கூட ஓடி வந்து சொன்ன பிள்ளைகள்.

ஏட்டய்யா குடோன் படியில் போய் உட்கார்ந்தார். என்றைக்கோ லாக்கப்பில் இருந்த ஒரு பையன் ஞாபகத்துக்கு வந்தான். இதே குரலில் இதே வார்த்தையைத்தான் அவனிடமும் சொன்னார். சொல்லிரு கண்ணு, ஒன்னும் பண்ண மாட்டேன். அவன் சிரித்தான். "போங்க சார், இதை எங்கப்பனே நான் சின்னப் பையனா இருக்கும்போது சொல்லிட்டான்" என்றான். திமிரில் பேசுகிறான் என்று அன்றைக்கு அவனை இரண்டு தட்டுத் தட்டினார். அது திமிர் இல்லை என்று இப்போதுதான் பட்டது.

எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். சாமியம்மா அடுப்பை மெழுகிக்கொண்டிருந்தார்.

"சாமியம்மா, பெரிய தப்புப் பண்ணிப்போட்டேனுங்க."

"ம்."

"ஒரே காலையில அத்தனை புள்ளைங்களுக்கும் ஒளிக்கக் கத்துக் குடுத்துட்டேனுங்க."

"பாத்தேன்."

"பாத்துட்டுமா சும்மா இருந்தீங்க?"

"கேஸ் உங்களுது. நான் எப்புடி நடுவுல வர்றது?"

ஏட்டய்யா நிலைப்படியில் சாய்ந்தார். "இப்ப என்னங்க பண்றது?"

"கேஸைப் போட்டவருதான் வாபஸ் வாங்கோணும்."

"எப்புடீங்க?"

"ஒன்னும் பண்ண மாட்டேன்னு சொன்னது பொய்யின்னு தருண்கிட்டப் போயிச் சொல்லுங்க."

"நாலு வயசுப் பையங்கிட்டயா?"

"பதினேழு வயசுல போயிச் சொன்னாக் கேப்பானுங்களா?"

சாமியம்மா சாணியில் கையை நனைத்து மெழுகுவதைத் தொடர்ந்தார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயராது என்று ஏட்டய்யாவுக்குத் தெரியும்.

எஸ்.பி. முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்த மனிதருக்கு இருபது அடி தள்ளி மணலில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் போவது பெரும் பாடாகிவிட்டது. ஒரு தடவை பாதி தூரம் போய்த் தண்ணீர் குடிக்கத் திரும்பினார். இன்னொரு தடவை பக்கத்தில் போய் "சாப்டியா கண்ணு" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தார். தருண் தலையை ஆட்டினான், நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் பிள்ளைகள் எல்லாரும் பொரி தின்ன வட்டமாக உட்கார்ந்திருந்தபோது, அந்த வட்டத்துக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அப்பிச்சி ஒன்னு சொல்லோணும்" என்றார். குரல் பிசிறியது. "அன்னைக்கு ஒன்னும் பண்ண மாட்டேன்னு சொன்னேன். தருண் நெசத்தைச் சொன்னான். நாந்தான் பொய் சொல்லிப்போட்டேன். காதைத் திருகிப்போட்டேன். அவன் திருடனில்லை. அது அப்பிச்சி தப்பு."

பிள்ளைகள் அவரையே பார்த்தார்கள். பொரி மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பப்லு, உன்ற பையிலயும் கைய உட்டேன். அதுவும் தப்புத்தான் சாமி."

பப்லுவுக்கு அவ்வளவு தமிழ் புரிந்ததோ என்னவோ, பெரியவர் அழப்போகிறார் என்பது மட்டும் புரிந்தது. தவழ்ந்து வந்து தன் கையிலிருந்த பொரியை அவர் வாயில் திணித்தான். எச்சிலில் ஊறிய பொரி. ஏட்டய்யா அதை மென்று விழுங்கினார். யாழிசை எழுந்து போய் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து தட்டை எடுத்து வந்து வைத்தாள். சாயப் பென்சில்களும் ஒவ்வொன்றாக வந்தன.

தருண் மட்டும் வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே கேட்டான்.

"இனிமேப் பண்ண மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"போன தடவையும் மாட்டேன்னுதான் சொன்னீங்க."

குறுக்கு விசாரணையில் எத்தனையோ வக்கீல்களைப் பார்த்தவர் ஏட்டய்யா. "ஆமா கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் காத்திருந்தார். மடியைக் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார். தருண் தினமும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், மடிக்கு வரவில்லை. நோம்பிக்குக் கம்பம் நட்டார்கள். ஊருக்குள் பந்தல் எழும்பியது. திருமலைசாமி ஆள் அனுப்பி, கூட்டத்துக்கு மறக்காமல் வரச் சொன்னார். ஏட்டய்யாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊருக்கே தான்தான் ஆசை காட்டினார். ஸ்டேஷனிலும் வாக்குக் கொடுத்தாயிற்று. அவுட்போஸ்டில் தனக்கென்று ஒரு நாற்காலி இருக்கும் என்று நினைத்து எத்தனை நாள் சந்தோஷமாகத் தூங்கியிருக்கிறார்! இப்போது வேண்டாம் என்றால் கேட்பவர்கள் என்ன சொல்வார்கள்? பொடிசுகளோடு விளையாடி ஏட்டய்யாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். வேண்டும் என்றால் இந்தப் பிள்ளைகள் மறுபடியும் தறிக்கு அடியில் போய்க் கிடப்பார்கள்.

கூட்டத்தன்று மதியம் பிள்ளைகள் தூங்கினார்கள். ஏட்டய்யா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மாமரத்தடியில் சற்றுக் கண்ணயர்ந்தார்.

யாரோ தோளைத் தொட்டார்கள். கண்ணைத் திறந்தார். தருண் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையிலும் கண்ணாடி. ஒரு பக்க வில்லை நொறுங்கியிருந்தது.

"அப்பிச்சி, கண்ணாடி ஒடஞ்சு போச்சு."

ஏட்டய்யா அதையே பார்த்தார்.

"நாந்தான் ஒடச்சேன். போட்டுப் பாத்தேன். கீழ உழுந்துருச்சு. ஆரும் பாக்கலை." அவன் கையைப் பின்னால் கொண்டுபோகவில்லை. "ஒன்னும் பண்ண மாட்டீங்கல்ல?"

பழக்க தோஷம், கை ஒரு விரற்கடை மேலே எழும்பியது. அவன் அதைப் பார்த்தான். அவர் அந்தக் கையைத் தரையில் ஊன்றி எழுந்தார்.

"கண்ணாடி எங்க உழுந்துச்சு? சில்லு கெடக்குதா? வா, யாரு காலுலயும் ஏறறதுக்குள்ள பொறுக்கிப் போடலாம். நீ தொடாத, வெளக்கமாத்தை எடுத்தா."

தருண் விளக்குமாறு எடுக்க ஓடினான். அவர் கூட்டினார், அவன் முறத்தைப் பிடித்தான். சர்வீஸ் முழுக்க எத்தனையோ பேரை "நான்தான்" என்று சொல்ல வைத்திருக்கிறார், அதற்கு என்னென்னவோ செய்திருக்கிறார். கேட்காமல் ஒருவன் தானாக வந்து அதைச் சொன்னது இன்றைக்குத்தான். தூங்கி எழுந்த பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை கொடுத்தபோது தருண் தன் உருண்டையோடு வந்து அவர் மடியில் ஏறி உட்கார்ந்தான். உருண்டை முக்கால்வாசி அவர் வேட்டியில்தான் உதிர்ந்தது.

பொழுது சாயும் நேரம் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஏட்டய்யா கண்ணாடி இல்லாமல் போய் உட்கார்ந்தார். எதிரில் இருந்தவர்கள் மங்கலாகத் தெரிந்தது ஒரு வகையில் சௌகரியமாக இருந்தது. கூட்டத்தின் கடைசியில், மடத்து ஆட்களோடு சாமியம்மாவும் வந்து நின்றார்.

திருமலைசாமி சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஏட்டய்யா கேட்டாரு, நான் குடுக்கறேன். ஏட்டய்யா, நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க."

ஏட்டய்யா எழுந்தார். "மொதலாளி, குடோன் புள்ளைங்களுக்கே இருக்கட்டுமுங்க."

கூட்டம் சலசலத்தது. திருமலைசாமிக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம். "என்னங்க சொல்றீங்க? நீங்களே வந்து கேட்டுட்டு?"

"கேட்டேனுங்க. தப்பாக் கேட்டுப்போட்டேன்."

"அப்ப எம் மோட்டாருக்கு யாருங்க பதிலு?"

"ராத்திரி கம்பெடுத்துட்டு நான் ரவுண்டு வர்றேனுங்க. சுடுகாடு போற வரைக்கும் வர்றேன். பகல்ல என்னைக் குடோன்ல உட்டுருங்க."

"புள்ளைங்களைப் பாக்கறதுக்கும் எம் மோட்டாரு களவு போறதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

ஏட்டய்யாவுக்குத் தெரிந்தது. ஆனால் முழுசாகச் சொல்லத் தெரியவில்லை. காது திருகியதையும் கண்ணாடி உடைந்ததையும் இந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? "இந்தப் புள்ளைங்கள்ல நாளைக்கு ஒரு திருடன் கொறைவானுங்க" என்று மட்டும் சொன்னார். யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து மயிலாத்தாள் எழுந்தாள். "மொதலாளி, குடோனைப் பூட்டுனீங்கன்னா நாங்க தறிக்கு வர முடியாதுங்க. நானு ஒருத்தி இல்லை, இவங்க எல்லாருந்தான்." பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்து நின்றார்கள். திருமலைசாமி எழுந்து நின்ற தலைகளைப் பார்த்தார். மோட்டார் களவு போனால் ஒரு தறி நிற்கும். இவர்கள் வராவிட்டால் கொட்டகையே நிற்கும். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். ஆனால் மனது ஆறவில்லை. கூட்டம் கலையும்போது ஏட்டய்யாவை நிறுத்திக் கேட்டார். "ஒருத்தனைப் புடிச்சீங்கன்னா, இந்தா புடிச்சுட்டேன்னு கொண்டாந்து நிறுத்துவீங்க. இதுல ஒரு திருடன் கொறைஞ்சான்னு எதைக் கொண்டாந்து காட்டுவீங்க?"

ஏட்டய்யாவும் சாமியம்மாவும் மடத்துக்குத் திரும்பி நடந்தார்கள். பின்னால் மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மனது என்னவோ நிறைவாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி நடுவில் உறுத்தியது. மடத்துக் கேட்டைத் திறக்கும்போது கேட்டுவிட்டார்.

"மொதலாளி கேட்டதுக்குப் பதில் இருக்குதுங்களா சாமியம்மா?"

"இருக்குதுங்க."

"எதைக் காட்டறதுங்க?"

"ரொம்ப வருசம் போவோணும். ஒரு நாளைக்கு இந்தப் புள்ளைங்கள்ல ஒருத்தன் பொண்டாட்டியாகப் போறவளையும் கூட்டிட்டுக் கல்யாணப் பத்திரிகை கொண்டுட்டு வருவான். தட்டத்துல வெச்சு உங்ககிட்ட நீட்டுவான். ஆரு கண்ணு நீயின்னு கேப்பீங்க. பேரு சொல்லுவான். அப்பவும் உங்களுக்கு அடையாளம் தெரியாது."

ஏட்டய்யா கேட்டைப் பிடித்தபடியே திரும்பினார்.

"நான் புடிச்ச பசங்கள்ல ஒருத்தன் மூஞ்சியைக்கூட நான் மறக்கலீங்களே."

"ஆமாங்க ஏட்டய்யா" என்றார் சாமியம்மா. "இவனை மறந்துருவீங்க."